முப்பத்தாறு என்பது யாருடைய அளவு?

ஒரே கடையில் இரண்டு பெண்கள் பிரா வாங்குகிறார்கள். ஒருவர் மெலிந்த உடல்வாகு. அவர் எடுத்தது 30 டி. இன்னொருவர் சற்றே பூசினாற்போல இருப்பவர்; அவர் எடுத்தது 36 ஏ. யாருக்கு மார்பகம் பெரிது என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் ‘டி’ பக்கம் கைகாட்டுவார்கள். ஆனால் அந்த இரண்டு பிராக்களின் கப்பும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு உள்ளவை. 32 சி, 34 பி ஆகியவற்றுக்கும் அதே கொள்ளளவுதான். மாறுவது உடம்பைச் சுற்றி வரும் பட்டியின் நீளம்.

பிரா அளவைப் பற்றிய குழப்பங்களில் முக்கால்வாசி இங்கிருந்தே கிளைக்கின்றன. ‘ஏ என்றால் சின்னது, டி என்றால் ரொம்பப் பெரியது’ என்று சினிமாவும் விளம்பரமும் கேலிப்பேச்சும் பழக்கிவிட்டன. அந்த எழுத்துக்குத் தனியாக எந்தப் பொருளும் கிடையாது. எண் என்பது மார்பகத்துக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி வரும் பட்டியின் அளவு. எழுத்து என்பது மார்பின் மேடான இடத்தில் எடுத்த சுற்றளவு அந்த எண்ணைவிட எத்தனை அங்குலம் கூடுதல் என்பதைச் சொல்லும் கணக்கு. ஓர் அங்குலம் கூடினால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. பிரிட்டிஷ் முறையில் ஐந்துக்கு டிடி, ஆறுக்கு ஈ. ஆகவே 30 டி அணிபவரின் மார்புச் சுற்று 34 அங்குலம். 38 டி அணிபவருக்கு 42. இருவரையும் ‘டி’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால் அவர்களுடைய மார்பகம் ஒன்றாகிவிடாது.

இது வெறும் கணக்குப் பிழையாக நின்றுவிட்டால் கவலையில்லை. அளந்து பார்த்து ‘உங்களுக்கு டிடி’ என்று சொன்னதும் கூசிப்போய், ‘அவ்வளவெல்லாம் இல்லீங்க’ என்று மறுத்துவிட்டுப் பழைய அளவையே வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். எழுத்தில் ஒட்டிக்கொண்ட அந்தக் கூச்சம்தான் பல வருடம் அக்குளில் கம்பி குத்துவதற்கும் தோளில் தடம் விழுவதற்கும் காரணமாகிறது.

இந்த முறை எப்படி வந்தது என்பதைப் பார்த்தால், அதன் மேல் இவ்வளவு நம்பிக்கை வைக்க வேண்டியதில்லை என்பது புரியும். நியூயார்க்கைச் சேர்ந்த மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் இரண்டு கைக்குட்டைகளையும் ரிப்பனையும் வைத்துத் தைத்த உள்ளாடைக்கு 1914 நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அந்த விண்ணப்பத்தில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டதே, ஒரே ஆடை பலவகை உடம்புகளுக்கும் பொருந்தும் என்பதைத்தான். அதாவது, காப்புரிமை பெற்ற அந்தப் பிராவுக்கு அளவு என்ற சிந்தனையே பெரிதாக இல்லை. பிறகு அந்த உரிமையை வார்னர் நிறுவனத்துக்கு 1,500 டாலருக்கு விற்றுவிட்டார். 1920களில் தட்டையான மார்பே நாகரிகம் என்றிருந்தபோது, மார்பகத்தை அமுக்காமல் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிய மெய்டன்ஃபார்ம் நிறுவனத்தார் 1922இல் தொழிலைத் தொடங்கினார்கள். ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளை மார்பகத்தோடு இணைத்தது 1932இல், மிச்சிகன் மாநிலத்து எஸ். எச். கேம்ப் நிறுவனம். அப்போதும் அந்த எழுத்துகள் மார்பகம் எவ்வளவு தொங்கலாக இருக்கிறது என்பதையும் சேர்த்துக் குறித்தவை. துல்லியமான கன அளவைக் குறித்தவை அல்ல. 1930களின் பிற்பகுதியில் வார்னர் அந்த எழுத்துகளைப் பரவலாக்கியது. நான்கே எழுத்துக்குள் உலகத்துப் பெண்கள் எல்லோரும் அடங்கிவிடுவார்கள் என்ற எண்ணம் அப்படி நிலைபெற்றது.

அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு வழக்கம் ‘நாலு கூட்டு’. மார்பின் கீழ்ச்சுற்றை இன்ச் டேப்பால் அளந்து, அதோடு நான்கு அல்லது ஐந்து அங்குலம் கூட்டினால் வருவதுதான் பிராவின் எண் என்று பல கடைகளும் கையேடுகளும் இன்னமும் சொல்கின்றன. துணி துளியும் இழுபடாத பருத்தியாக இருந்த காலத்தில், மூச்சு விடவும் குனிந்து நிமிரவும் இடம் வேண்டுமே என்பதற்காக அது பொருத்தமாக இருந்திருக்கலாம். டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலர் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் ஸ்பான்டெக்ஸ் இழையை உருவாக்கினார். அதன்பின் பிராவின் பட்டி பல அங்குலம் நீளக்கூடியதாகிவிட்டது. பட்டி மாறிவிட்டது, கணக்கு மட்டும் மாறவில்லை.

இதனால் என்ன நேர்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பெண்ணின் கீழ்ச்சுற்று 30 அங்குலம், மார்புச் சுற்று 36 அங்குலம். நாலு கூட்டினால் எண் 34, வித்தியாசம் இரண்டு, எனவே 34 பி. கூட்டாமல் கணக்கிட்டால் எண் 30, வித்தியாசம் ஆறு, பிரிட்டிஷ் முறையில் 30 ஈ. இந்த 30 ஈயின் கப், 34 எண்ணில் வரும் டி கப்புக்குச் சமம். ஆக, 34 பி வாங்கிய அந்தப் பெண்ணுக்குப் பட்டி நான்கு அங்குலம் தளர்வு. கப் இரண்டு அளவு சிறியது. மார்பகம் மேலே பிதுங்குகிறது. ‘சின்னதா இருக்கு, அடுத்த சைஸ் கொடுங்க’ என்று கேட்கிறார். கடைக்காரர் 36 பி எடுத்துக் கொடுக்கிறார். கப் ஒரே ஓர் அளவு பெரிதாகிறது. ஏற்கெனவே தளர்ந்த பட்டியோ இன்னும் தளர்கிறது. பிதுங்கல் தீரவில்லை, முதுகில் பட்டி மேலே ஏறிக்கொள்கிறது. எண் ஏற ஏறத் தொல்லையும் ஏறுகிறது. இறங்க வேண்டியது எண்ணிலும், ஏற வேண்டியது எழுத்திலும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் மார்பக நலம் குறித்து ஆராயும் குழுவின் ஜென்னி ஒயிட், ஜொவானா ஸ்கர் இருவரும் 2012இல் 45 பெண்களிடம் பழைய டேப் முறையையும், அணிந்து பார்த்துப் பொருத்தத்தைச் சோதிக்கும் முறையையும் ஒப்பிட்டார்கள். டேப் முறை 76 சதவீதம் பேருக்குப் பட்டியைக் கூடுதலாகக் காட்டியது. 84 சதவீதம் பேருக்குக் கப்பைக் குறைத்துக் காட்டியது. பிழை இரு பக்கமும் சிதறாமல் ஒரே திசையில் சாய்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பெண்களின் கவனக்குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. அளக்கும் முறையே அவர்களைத் தவறான பக்கம் தள்ளுகிறது.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் ஒரு படி கீழே. தெருமுனை ஃபேன்சி ஸ்டோரிலும் ஜவுளிக்கடையிலும் விற்கும் மலிவு விலைப் பிராக்கள் பலவற்றில் எழுத்தே இருக்காது. 32, 34, 36, 38 என்று எண் மட்டும். கப் எல்லாம் ஏறத்தாழ ஒரு நடுத்தர அளவில் வெட்டப்பட்டிருக்கும். ஆகவே கப் பெரிதாக வேண்டும் என்றால் பட்டியையும் பெரிதாக வாங்கியே தீர வேண்டும். ஒல்லியான உடம்பும் பெரிய மார்பகமும் உள்ள பெண்ணுக்கும், அகன்ற உடம்பும் சிறிய மார்பகமும் உள்ள பெண்ணுக்கும் அந்த அலமாரியில் சரியான உடுப்பு கிடையாது. ‘முப்பத்தாறு கொடுங்க’ என்று கேட்கும் பெண்ணிடம் அது யார் அளந்து சொன்ன முப்பத்தாறு என்று விசாரித்தால், பெரும்பாலும் அம்மாவோ அக்காவோ கல்யாணத்துக்கு முன்பு வாங்கித் தந்த எண்ணாக இருக்கும்; அல்லது ஜாக்கெட் அளவாக இருக்கும்.

ஜாக்கெட் அளவு இங்கே பெரிய குழப்பம் செய்கிறது. நம் ஊர்த் தையற்காரர்கள் மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, தோள், கை, கழுத்து இறக்கம் என்று தனித்தனியாக அளந்து, டார்ட் எங்கே பிடிக்க வேண்டும் என்று பார்த்துத் தைப்பவர்கள். ஜாக்கெட்டின் 36 என்பது மார்பின் மேடான இடத்துச் சுற்று. பிராவின் 36 என்பது அதற்குக் கீழே உள்ள சுற்று. இரண்டும் வேறு வேறு இடம். ஜாக்கெட் எண்ணைச் சொல்லிப் பிரா வாங்கினால் பட்டி நிச்சயம் தளரும். மேலே போடும் ஜாக்கெட் அரை அங்குலம் பிசகினாலும் பிரித்துத் தைக்கச் சொல்லும் பெண்கள், அதற்கு அடியில் நாள் முழுக்க உடம்போடு ஒட்டியிருக்கும் உடுப்புக்குப் பேச்சே இல்லாமல் பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அவர்களைக் குறைசொல்லி என்ன பயன்? கல்லாவில் ஆண், அலமாரியில் ஆண், போட்டுப் பார்க்க இடமில்லை, ‘உள்ளாடை மாற்றித் தரப்பட மாட்டாது’ என்று சுவரில் அட்டை. பெட்டியை அரைகுறையாகத் திறந்து காட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும் கடையில் ஒரு பெண் எதைக் கேட்க முடியும்?

சென்னையில் 1939இல் தொடங்கிய நாயுடு ஹால் பெண்களின் உள்ளாடைக்கே பேர்பெற்றதற்கு, இதைத் தனியொரு தொழிலாக மதித்து விற்றது முக்கியமான காரணம். 2011இல் ரிச்சா கர் பெங்களூரில் தொடங்கிய ஜிவாமே இணையக் கடை, கடைக்காரரின் முகத்தைப் பார்க்காமல் அளவைத் தேடிப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது. அதனால் சிறுநகரத்துப் பெண்களுக்கும் எழுத்து என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. ஆனால் திரையில் அணிந்து பார்க்க முடியாது என்ற குறை அதற்கு உண்டு.

எழுத்தையும் எண்ணையும் சரியாகக் கண்டுபிடித்தாலும் நாட்டுக்கு நாடு அது மாறும். பிரிட்டனின் 34, ஐரோப்பாவின் பல நாடுகளில் 75, பிரான்ஸில் 90, ஆஸ்திரேலியாவில் 12. டிக்கு மேலே போனால் எழுத்துகளும் பிரிந்துவிடும்: பிரிட்டிஷார் டிடி என்பதை ஐரோப்பியர் ஈ என்பார்கள். ஜப்பானில் எழுத்தை முன்னால் போட்டு எண்ணைப் பின்னால் எழுதுவார்கள். இலங்கையின் எம்ஏஎஸ் நிறுவனம் உலகப் பிராண்டுகளுக்கு உள்ளாடை தைத்துக் கொடுப்பது. கிளிநொச்சியிலும் அதற்குத் தொழிற்சாலைகள் உண்டு. அப்படிப்பட்ட ஆலைகளில் தமிழ்ப் பெண்கள் தைக்கும் பிரா எந்த நாட்டுக் கடைக்குப் போகிறதோ அந்த நாட்டு எண் அதன் பட்டியில் ஏறும். இதற்கு மேல், ஒவ்வொரு பிராண்டும் தன் அளவு மாதிரியைத் தானே தீர்மானிக்கிறது. ஒரு பிராண்டில் 34 சி பொருந்தியவருக்கு இன்னொன்றில் 32 டி பொருந்தினால் அதில் வியப்பில்லை. இந்திய உடம்புகளை அளந்து நம் நாட்டுக்கென அளவுப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க ‘இந்தியாசைஸ்’ என்ற பெயரில் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் 25,000 பேரை அளக்கும் திட்டத்தைக் கையில் எடுத்ததே, இதுவரை நாம் பிறநாட்டு உடம்புகளின் அளவில் உடுத்திவந்தோம் என்பதற்குச் சான்று.

அப்படியானால் எதை நம்புவது? உடம்பை. டேப் ஒரு தொடக்கப் புள்ளியைத் தரும். முடிவை அணிந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தாங்கும் வேலையைச் செய்வது தோளில் ஏறும் ஸ்ட்ராப் என்பது மிகப் பரவலான நம்பிக்கை. உண்மையில் பாரத்தின் பெரும்பங்கைத் தாங்க வேண்டியது சுற்றுப்பட்டி. பட்டி தளர்ந்தால் பாரம் ஸ்ட்ராப்புக்கு மாறுகிறது. மார்பகம் இறங்குவதைப் பார்த்து ஸ்ட்ராப்பை இறுக்குகிறார்கள். இறுக்கிய ஸ்ட்ராப் முதுகுப் பக்கம் பட்டியை மேலே தூக்குகிறது. பின்னால் ஏறியதும் முன்னால் இன்னும் இறங்குகிறது. தோளில் பள்ளம், கழுத்து வலி, சிலருக்குக் கை மரத்துப்போதல் வரை இது போகும். பெரிய மார்பகம் என்றால் இப்படித்தான் வலிக்கும் என்று அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: பிராவைத் திருப்பி, கப் முதுகுப் பக்கம் வரும்படி போட்டுக் கொக்கி மாட்டிப் பார்க்கலாம். மார்பகம் குறுக்கே வராததால் பட்டி மட்டும் எப்படி இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். இரண்டு விரல் நுழையலாம். கை முழுக்க நுழைந்தால் அது தளர்வு. புதிய பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில், மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் தளரும்போது உள்ளே உள்ள வரிசைகளுக்கு நகர்வதற்காகவே அந்த இரண்டு மூன்று வரிசைகள் இருக்கின்றன.

கண்ணாடி முன் நின்றால் மற்றவை தெரியும். பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் கிடையாக ஓட வேண்டும். இரண்டு கப்புக்கும் நடுவில் உள்ள துண்டு நெஞ்செலும்பில் படிந்திருக்க வேண்டும். அது விலகி நின்றால் பெரும்பாலும் கப் சிறியது. கம்பி வைத்த பிரா என்றால் அந்தக் கம்பி மார்பகத்துக்கு வெளியே, விலாவின் மேல் உட்கார வேண்டும். ‘எனக்குக் கம்பியே ஒத்துக்காது’ என்று சொல்பவர்களில் பலருக்குக் கம்பி மார்பகத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அக்குள் ஓரம் பிதுங்கும் சதையைப் பார்த்து ‘குண்டாகிவிட்டேன், பட்டி இறுக்குகிறது’ என்று எண்ணி இன்னும் பெரிய எண்ணுக்குப் போவது அடிக்கடி நடப்பது. அது பல நேரம் இடம் போதாத கப் பக்கவாட்டில் தள்ளிய மார்பகத் திசு. முன்னால் சற்றுக் குனிந்து, அக்குள் பக்கமிருந்து மார்பகத்தைக் கையால் அள்ளிக் கப்புக்குள் சேர்த்துவிட்டு நிமிர்ந்தால் உண்மையான அளவு தெரியவரும். கப்பின் மேல் ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலும் உடனே கப் பெரிது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மார்பகம் கீழ்ப்பக்கம் நிறைந்த வடிவமாக இருந்து, அச்சில் வார்த்த பேடட் கப் மேல்பக்கமும் நிறைந்த வடிவமாக இருந்தால், அளவு சரியாக இருந்தும் வடிவம் ஒத்துவராது. ஒரு பக்க மார்பகம் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதும் இயல்பு. பெரியதற்குப் பொருந்துவதை எடுத்து, சிறிய பக்கத்து ஸ்ட்ராப்பைச் சற்று இழுத்துவிட்டால் போதும்.

‘எண்பது சதவீதப் பெண்கள் தவறான அளவு பிரா அணிகிறார்கள்’ என்ற வாசகம் எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகிறது. விற்பவர்களுக்கு மிகவும் வசதியான வாசகம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று ஆஸ்திரேலியாவில் கேத்தரின் வுட் குழுவினர் 2008இல் வெளியிட்டது. அதில் கலந்துகொண்டவர்கள் 18 முதல் 26 வயது வரையுள்ள 30 பேர். 80 சதவீதம் பேரின் அளவு தவறு. அவர்களில் பெரும்பாலோர் அணிந்தது சிறியது. 2010இல் வொல்லொங்காங் பல்கலைக்கழகத்தின் டெய்ட்ரி மெகீ, ஜூலி ஸ்டீல் இருவரும் 104 பெண்களிடம் சோதித்தபோது 85 சதவீதம் பேருக்குப் பொருத்தம் சரியில்லை. முப்பது பேரிலும் நூறு பேரிலும் கிடைத்த விகிதத்தை உலகம் முழுவதற்கும் பொருத்துவது முறையல்ல. ஆனாலும் வெவ்வேறு ஆய்வுகள் ஒரே பக்கம் கைகாட்டுவதையும் தள்ளிவிட முடியாது. இவ்வளவு பேருக்குப் பொருந்தவில்லை என்றால் தவறு அவர்கள் உடம்பில் இல்லை. அளவு முறையிலும் விற்கும் முறையிலும் இருக்கிறது என்றுதான் இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

பயத்தால் பரவும் தவறான எண்ணங்கள் வேறு வகை. கம்பி வைத்த பிரா மார்பகப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்ற பேச்சு 1995இல் அமெரிக்காவில் வந்த ஒரு புத்தகத்தால் பெருகியது. கருப்புப் பிரா அணிந்து வெயிலில் போகாதீர்கள் என்று வாட்ஸ்அப் செய்தியாகவும் அது நம் வீடுகளுக்குள் வந்தது. சியாட்டிலின் ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம், மாதவிடாய் நின்ற 1,500க்கும் மேற்பட்ட பெண்களிடம் எந்த வயதில் பிரா அணியத் தொடங்கினார்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், கம்பி உண்டா இல்லையா, கப் அளவு என்ன என்று விசாரித்து 2014இல் முடிவை வெளியிட்டது. எதற்கும் புற்றுநோயோடு தொடர்பு தென்படவில்லை. இந்தப் பயத்தால் நேரும் பெரிய கேடு, கவனத்தைத் திருப்பிவிடுவது. மார்பகத்தில் கட்டியோ காம்பில் மாற்றமோ தெரிந்தால் பிராவை மாற்றிப் பார்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பிரா போடாவிட்டால் மார்பகம் தொங்கிவிடும், தாய்ப்பால் கொடுத்தால் தொங்கிவிடும் என்பவையும் இதே போன்றவை. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவர் பிரையன் ரிங்கர் குழுவினரின் 2008ஆம் ஆண்டு ஆய்வில் வயது, உடல் பருமன், கர்ப்பங்களின் எண்ணிக்கை, கர்ப்பத்துக்கு முந்தைய மார்பக அளவு, புகைப்பழக்கம் ஆகியவை காரணங்களாகத் தெரிந்தன. தாய்ப்பால் அந்தப் பட்டியலில் இல்லை. இதற்கு நேர் எதிராக, பிரா போடாததே மார்பகத்துக்கு நல்லது என்று 2013இல் பிரான்ஸின் ழான் டெனி ரூயோன் சொன்னதும் பரபரப்பானது. ஆனால் அவர் ஆராய்ந்தது 18 முதல் 35 வயதுக்குட்பட்ட சுமார் 330 பேரை மட்டுமே. எல்லாப் பெண்களுக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவரே எச்சரித்தார். இரவில் போட்டுத் தூங்கலாமா என்பதற்கும் விடை எளிது: சௌகரியமாக இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் கழற்றிவிடலாம்.

ஓடும்போதும் விளையாடும்போதும் மட்டும் விஷயம் வேறு. அப்போது மார்பகம் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைகிறது. 1977இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் லிசா லின்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் மூவரும் ஆண்கள் விளையாடும்போது அணியும் தாங்கி உள்ளாடைகள் இரண்டை இணைத்துத் தைத்ததுதான் முதல் ஸ்போர்ட்ஸ் பிரா. 2012ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில் ஓடிய 1,285 பெண்களைக் கேட்டபோது 32 சதவீதம் பேர் மார்பக வலி இருப்பதாகச் சொன்னார்கள். அதைவிட மனத்தை உறுத்துவது முன்பு சொன்ன போர்ட்ஸ்மத் ஆய்வாளர் ஸ்கரின் குழுவினர் 2016இல் வெளியிட்டது: பிரிட்டனில் 11 முதல் 18 வயது வரையுள்ள 2,089 பள்ளி மாணவிகளில் 46 சதவீதம் பேர், மார்பகத்தால் தங்கள் விளையாட்டுக்கு ஏதோ ஒரு வகையில் இடைஞ்சல் என்றார்கள். நம் ஊரில் கபடி, கோகோ ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு வந்ததும் மைதானத்தின் ஓரத்தில் துப்பட்டாவை இழுத்துப் பிடித்து நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் சரியான உடுப்பு வாங்கிக் கொடுத்தே தீர்க்கக்கூடியது இந்த மார்பக இடைஞ்சல். சிம்மீஸிலிருந்து பிராவுக்கு மாறும் வயதில் மகளுக்கு ஓர் எண்ணைத் தோராயமாகச் சொல்லி வாங்கிவராமல், அவளை உடன் அழைத்துப் போய் அளந்து, அவளே அணிந்து பார்க்க வாய்ப்புக் கொடுப்பது அவசியம். அடுத்த ஒரு வருடத்துக்குள் அளவு மீண்டும் மாறும் என்பதையும் அவளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அளவு ஒருமுறை தெரிந்தால் ஆயுசுக்கும் அதுதான் என்று நினைப்பதும் தவறு. எடை கூடினாலும் குறைந்தாலும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், மாதவிடாய் நிற்கும் வயதிலும் மாறும். கர்ப்ப காலத்தில் கப் மட்டுமல்லாமல் விலா எலும்புக் கூடும் விரிகிறது. அதனால் வழக்கமான விதியைத் தலைகீழாக்கி, அப்போது வாங்கும் பிராவை மட்டும் மிக இறுக்கமான கொக்கி வரிசையில் பொருந்தும்படி எடுக்க வேண்டும். வயிறு வளர வளர வெளி வரிசைக்கு நகரலாம். பிரசவத்துக்குப் பின் கூடு சுருங்கும், பால் கட்டும்போது கப் ஏறும், குழந்தை குடித்து முடித்ததும் இறங்கும். பால் கொடுக்கும் மாதங்களில் கம்பியோ இறுக்கமான கப்போ ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருந்தால் அங்கே பால் தேங்கிக் கட்டிக்கொள்ளக்கூடும். பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்குப் பெட்டி நிறையப் புதுத்துணி வாங்குபவர்கள், முன்பக்கம் திறக்கும் பருத்திப் பிராக்கள் இரண்டை இப்போதும், இன்னும் இரண்டைப் பால் சுரப்பு நிலைப்பட்ட சில வாரங்கள் கழித்து மறுபடி அளந்தும் வாங்குவது நல்லது.